ஏழாவது பிடி

பஸ் ஓட்டுகிறவன் வேறொருவன் ஓட்டும் பஸ்ஸில் ஏறக்கூடாது. பலெர்மோ விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குள் வந்து சேரும் வரை என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. சாரதி ஒரு கையால் ஓட்டினார். மறு கை கதைப்பதற்கு. கதை சூடு பிடித்த இடங்களில் இரண்டு கையும் கதைக்கே போனது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் மொட்டை மலை. இரண்டும் அழகு என்று பிறகுதான் ஞாபகம் வந்தது.

வட இங்கிலாந்தில் ஹல் நகரத்தில் இருபத்திரண்டு வருடமாக நான் பஸ் ஓட்டுகிறேன். சனி, ஞாயிறுகளில் ரக்பி லீக் ஆட்டங்களுக்கு நடுவராக நிற்கிறேன். யாழ்ப்பாணத்தான் ஒருவன் அந்தச் சேற்றுக்குள் எப்படிப் போனான் என்று எல்லாரும் கேட்கிறார்கள். டிப்போவில் என்னோடு வேலை செய்தவர்கள் ஆடினார்கள். நடுவர் வராத ஒரு நாள் விசிலை என் கையில் திணித்தார்கள். இருபத்தாறு பேரைப் பார்த்துக் கத்த அனுமதி கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லும் ஆள் நானில்லை.

பலெர்மோவுக்குப் போனதும் அந்த விசிலால்தான். ஆப்பிரிக்க நாடுகளின் தேசிய அணிகள் நான்கு, கானா, நைஜீரியா, மொரோக்கோ, கமரூன், அங்கே ஒரு வார இறுதியில் மோதின. ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் இத்தாலியிலும் பிரான்சிலும் கூலி வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கு ஆப்பிரிக்கா போய்வர லீவு கிடைக்காது. மற்றப் பாதிக்கு வடக்கே அதிக தூரம் வரக் காசு போதாது. இரண்டுக்கும் நடுவில் கடலுக்குள் கிடப்பது சிசிலித் தீவு; பலெர்மோ அதன் தலைநகர். ஆப்பிரிக்கனும் இத்தாலியனும் அல்லாத ஒரு நடுவர் வேண்டும் என்றார்கள். நான் இரண்டும் இல்லை.

என் தங்கச்சி வசந்தி இருபது வருடமாகப் பலெர்மோவில் இருக்கிறாள். கால்சாப் பகுதியில், சிஞ்ஞோரா என்று அவள் கூப்பிடும் ஓர் இத்தாலிய அம்மா வீட்டில் சமையல், துப்புரவு எல்லாம் அவள்தான். இருப்பது கபோ சந்தைக்குப் பின்னால், நாலாம் மாடியில். ஒரு தடவைகூட நான் அவளைப் பார்க்கப் போனதில்லை. கதவைத் திறந்த கையோடு அதைச் சொல்லிக் காட்டினாள்.

"இருவது வரியமா நான் கூப்பிட்டு வராத மனிசன், ஆப்பிரிக்காக்காரன் கூப்பிட்டவுடனை வந்திட்டியள் என்ன?"

"அவங்கள் டிக்கெட் அனுப்பினவங்கள்," என்றேன்.

"அதுதானே பாத்தன். கையைக் கழுவிப்போட்டு வாங்கோ. புட்டு ஆறுது."

புட்டும் சாளை மீன் குழம்பும். குழம்பில் தக்காளி தூக்கலாக இருந்தது. சொன்னேன். "அது சிசிலித் தக்காளி, அப்பிடித்தான் இருக்கும், வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கோ," என்றாள். அவளுடைய ஒன்பது வயது மகள் என்னை வைத்த கண் வாங்காமல் பார்த்துவிட்டுத் தாயிடம் கேட்டாள்: "அம்மா, மாமா செம்ப்ரே கத்திக் கத்தித்தான் கதைப்பாரா?" செம்ப்ரே என்றால் எப்போதும்.

"ஓம்," என்றாள் வசந்தி. "பிறந்ததிலை இருந்து."

மறுநாள் வெள்ளி. காலை ஆறு மணிக்கே ஜன்னலுக்குக் கீழே சந்தை தொடங்கிவிட்டது. கபோவில் மீன் விற்கிறவர்கள் கூவுவதைக் கேட்டால் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைப்பீர்கள். வாள்மீன் தலையை வெட்டி, வாள் வானத்தைப் பார்க்க, ஐஸ் மேல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஹல்லும் மீன்பிடித் துறைமுகம்தான். அங்கே மீனுக்குத் தலை உண்டு என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

மச்சான் நாதன், வசந்தியின் கணவன், ஓர் உணவகத்தில் சமையல்காரன். அவன் எடுத்த நாலு நாள் லீவும் எனக்குத்தான் செலவானது. ஒரு வண்டிக்காரரிடம் கூட்டிப்போய் மண்ணீரல் பாண் வாங்கித் தந்தான். மாட்டு மண்ணீரலைக் கொழுப்பில் பொரித்து, பாணுக்குள் வைத்து, தேசிக்காய் பிழிந்து தருகிறார்கள். பார்க்க, மழையில் நனைந்த சப்பாத்துத் தோல் மாதிரி இருந்தது. திட்டிக்கொண்டே இரண்டு தின்றேன்.

மத்தியானம் மைதானத்தைப் பார்க்கப் போனோம். நகரத்தின் ஓரத்தில் ஒரு பழைய கால்பந்து மைதானம். பார்த்ததும் எனக்குத் தலை கொதித்தது. ரக்பி லீக்குக்குப் பத்து மீற்றருக்கு ஒரு கோடு வேண்டும். அங்கே ஒரு கோடும் இல்லை. நடுவில் தனியாக ஒருவன் குனிந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் ஒரு வாளி சுண்ணாம்பு.

"யார் இந்த மைதானத்துக்குப் பொறுப்பு?" என்று கத்தினேன்.

அவன் நிமிர்ந்தான். கதவு அகலத்துக்குத் தோள். "கோடு போட இருந்தவன் வரவில்லை. இப்போது நான்தான் பொறுப்பு. நீங்கள்தான் கத்துகிறவரா? சொன்னார்கள். கயிற்றின் மறு நுனியைப் பிடியுங்கள்."

அதுதான் கோஃபி. கானா அணித் தலைவன். முப்பத்தேழு வயது. நகரத்தின் மறு ஓரத்தில், சியாகுல்லியில், மன்டரின் என்ற சின்னத் தோடம்பழத் தோட்டத்தில் வேலை. மற்ற இடங்களில் தோடம்பழம் முடிந்த பிறகு அங்கே பங்குனி வரை பழம் உண்டு. மரத்தின் அடித்தண்டுகளுக்கு வெள்ளை பூசுகிற சுண்ணாம்பைத்தான் வாளியில் கொண்டுவந்திருந்தான். முதலாளி வெள்ளி மத்தியானத்திலிருந்து ஞாயிறு வரை லீவு கொடுத்திருந்தார். திங்கள் காலை மரத்தடியில் நிற்க வேண்டும்.

கயிறு பிடித்துக்கொண்டே மூன்று மணி நேரம் கதைத்தோம். நான் பிடிக்க, அவன் பூச, நாதன் நிழலில் உட்கார்ந்து கோடு கோணல் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"என் அம்மா நான் பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறாள்," என்றான் கோஃபி.

"என்ன பொய்?"

"நாட்டுக்காக ஆடுகிறேன் என்பதை. பதினொரு வருடமாக ஊருக்குப் போகவில்லை. ஊருக்கு வராமலிருக்கச் சாக்கு என்று நினைக்கிறாள். சட்டை போட்டுப் படம் அனுப்பினேன். அந்தச் சட்டை அக்ராச் சந்தையில் தொங்குகிறது, ஆடு விற்கிறவன்கூட அதைத்தான் போடுகிறான் என்றாள். வீடியோ அனுப்பினேன். இருபத்தாறு பேர் சேற்றில் புரளுகிறார்கள், இதில் நீ எது என்று கேட்டாள்."

நாதன் சிரித்தான். எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். நடுவர் ஆட்டக்காரனோடு சிரிக்கக்கூடாது.

"இதில் வெல்கிற அணி லாகோஸ் போகிறது," என்றான் கோஃபி. "அடுத்த சுற்று அங்கேதான். நைஜீரியா வீட்டுக்காரன், தோற்றாலும் அவனுக்கு இடம் உண்டு. மற்ற மூன்று பேரில் ஒருவர்தான். அக்ராவில் பஸ் ஏறினால் லாகோஸ் வரலாம். அம்மா வருவாள். டிக்கெட் எடுத்துக் கொடு, என் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்று சொல்லிவிட்டாள். அடுத்த வருடம் எனக்கு முழங்கால் இருக்காது. இதுதான் கடைசி."

சொல்லிவிட்டு அடுத்த கோட்டுக்குக் குனிந்தான். நடுவரிடம் இதையெல்லாம் சொல்லக்கூடாது என்று திட்டியிருக்க வேண்டும். திட்டவில்லை.

சனிக்கிழமை அரையிறுதிகள். நாதனின் ஸ்கூட்டரில் புறப்பட்டோம். "மச்சான், கெட்டியாப் பிடியுங்கோ. இஞ்சை லைட் எல்லாம் சும்மா அழகுக்குத்தான்," என்றான். உண்மை. சிவப்பில் நின்ற ஒரே வாகனம் ஒரு சவ ஊர்தி. அதற்கு அவசரமில்லை. பாதி வழியில் ஸ்கூட்டர் இருமி நின்றது. பெற்றோல் இல்லை. சர்வதேச ஆட்டத்தின் நடுவர் வெள்ளைச் சட்டையோடு மேட்டில் ஸ்கூட்டர் தள்ளிக்கொண்டு போனார். எங்களைக் கடந்து போன பஸ் நிறைய நைஜீரிய அணி. ஜன்னலெல்லாம் தலை. கைதட்டினார்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கபடி பார்த்தவனுக்கு இது லேசு. பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனை எதிரணி மடக்கிப் பிடிக்க வேண்டும். பிடிபட்டவன் எழுந்து, பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டி, மறுபடி தொடங்கலாம். இப்படி ஆறு பிடி. ஆறாவதிலும் மடக்கிவிட்டால் பந்து எதிரணிக்கு. அதற்குள் எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்தால் ட்ரை, நான்கு புள்ளி. பிறகு கம்பத்துக்கு மேலால் உதைத்து இன்னும் இரண்டு.

அந்த ஆறை எண்ணுவது நடுவரின் வேலை. பிடி எண்ணத் தெரியாத நடுவரும் நிறுத்தம் தெரியாத பஸ் சாரதியும் ஒன்று. நான் வலது கை விரலை ஒவ்வொன்றாக மடக்குவேன். ஐந்தும் மடங்கியதும் கையை உயர்த்தி விரித்துக் காட்டுவேன்: இனி ஒன்றுதான். இருபது வருடத்தில் ஒரு பிடி பிசகியதில்லை. ஹல்லில் இதை நானே எல்லாருக்கும் சொல்லித் திரிவேன்.

முதல் ஆட்டத்தில் மொரோக்கோ நைஜீரியாவை வென்றது. இரண்டாவதில் கானா கமரூனை. நைஜீரியப் பெண்கள் சோற்று அண்டாவோடு வந்திருந்தார்கள். தோற்ற பிறகும் அண்டாவை மூடவில்லை, வென்றவனுக்கும் போட்டார்கள். கானாக்காரர் தேவாலயத்து மேளத்தைக் கொண்டுவந்து விடாமல் அடித்தார்கள். மதிலில் சாய்ந்து நின்ற இரண்டு உள்ளூர்க் கிழவர்கள் கதைத்ததை நாதன் எனக்குச் சொன்னான்.

"இது என்ன விளையாட்டு?"

"தெரியாது. ஆனால் விசில் வைத்திருக்கிற அந்தக் குட்டையனுக்கு எல்லார் மேலும் கோபம்."

ஞாயிறு இறுதி ஆட்டம். கானாவும் மொரோக்கோவும்.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் வசந்தி மலைக்குப் போவாள். பலெர்மோவுக்கு மேலே ஒரு குகைக்குள் சாந்தா ரொசாலியா என்ற புனிதை. எங்களுக்கு அவளும் மாதாதான். சைவம், கிறிஸ்தவ வேதம் என்று பாராமல் நம் ஆட்கள் எல்லாரும் அங்கே ஏறுகிறார்கள். அன்றைக்கு மாதாவை விட்டுவிட்டு மைதானத்துக்கு வந்தாள். ஒரு பெட்டி பொரித்த ரோல்ஸ், இரண்டு போத்தல் தேத்தண்ணி, குடை, அயல் வீட்டுப் பெண்கள் நாலு பேர். கால்சாவில் சிஞ்ஞோராவிடம் தன் அண்ணன் சர்வதேச ஆள் என்று சொல்லி மத்தியானச் சமையலுக்கு லீவு வாங்கினாளாம்.

"எது எங்கடை பக்கம்?" என்று கேட்டாள்.

"எங்களுக்குப் பக்கம் இல்லை. நான் நடுவர்."

"அப்ப நான் உங்கடை பக்கம்," என்றாள்.

நல்ல ஆட்டம். இரண்டு அணியும் மாட்டைப் போல மோதின, எழும்பும்போது ஒருவனை ஒருவன் கைகொடுத்துத் தூக்கினார்கள். கோஃபி ஒற்றை முழங்காலில் பாதி ஆட்டம் ஆடினான். கடைசி மூன்று நிமிடம். கானா இருபது, மொரோக்கோ பதினாறு. பந்து மொரோக்கோவிடம். கானாவின் கோட்டுக்கு முப்பது மீற்றர். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. நாலு விரலும் மடங்கியிருந்தன.

அப்போது கேட்டது:

"அண்ணை! அந்த மொட்டையன் பிடிச்ச பிடியை விடுறானில்லை! உங்களுக்குக் கண் தெரியேல்லையே?"

ஆங்கிலத்தில் என்னைத் திட்டாத வசவு கிடையாது. என் கண், என் தாய், என் நிறம் எல்லாவற்றையும் இழுத்திருக்கிறார்கள். மழை பெய்கிற சத்தம் மாதிரி அது. காதுக்குள் போகாது. ஆனால் இருபது வருடத்தில் மைதானத்தில் என்னை யாரும் தமிழில் கூப்பிட்டதில்லை. அண்ணை என்று கூப்பிட்டதில்லை. தலை தானாகத் திரும்பியது. கோட்டோரத்தில் வசந்தி குடையை வாள் மாதிரி பிடித்துக்கொண்டு நின்றாள். சும்மா இரு என்று அவளைப் பார்த்துக் கையைக் காட்டினேன்.

திரும்பினேன். விரலை மடக்கினேன். ஆட்டம் ஓடியது. ஐந்தாவது பிடி என்று கையை உயர்த்தினேன். அடுத்த பந்தில் மொரோக்கோவின் ஓரத்து ஆட்டக்காரன் மூலையில் விழுந்து ட்ரை வைத்தான். விசில் ஊதினேன். பிறகு உதையும் உள்ளே போனது. மொரோக்கோ இருபத்திரண்டு.

ட்ரை கொடுத்த உடனேயே கோஃபி என்னிடம் நொண்டிக்கொண்டு வந்தான். கத்தவில்லை. ஏழு விரல் காட்டினான். "ஐயா, அது ஏழாவது. நான் எண்ணினேன்."

"நான் எண்ணுவேன், நீ ஆடு," என்றேன். "இன்னொரு சொல் சொன்னால் பத்து நிமிடம் வெளியே."

வெளியே போவதற்குப் பத்து நிமிடமே மிச்சமில்லை. என்றாலும் சொன்னேன். அவன் என்னை ஒரு தரம் பார்த்தான். திரும்பிப் போய்த் தன் ஆட்களை வரிசைப்படுத்தினான். கோட்டு நடுவர்கள் இருவரும் உள்ளூர்க்காரர்கள், பதினைந்து பேர் ஆடுகிற மற்ற ரக்பி பழகியவர்கள். அதில் பிடி எண்ணும் வழக்கமே இல்லை. அவர்கள் தோளைக் குலுக்கினார்கள். ஆட்டம் முடிந்ததும் கோஃபி வந்து என் கையைக் குலுக்கினான். அவன் கை முழுக்கச் சுண்ணாம்பு. என் கையிலும் ஒட்டியது.

மொரோக்கோக்காரர் அழுதார்கள், கானாக்காரரும் அழுதார்கள். மேளம் நின்றுவிட்டது. வசந்தி பெட்டியைத் திறந்து இரண்டு பக்கத்துக்கும் ரோல்ஸ் கொடுத்தாள். "நல்ல பெடியள். ஏன் உந்த அடிபிடி?" என்றாள்.

பின்னேரம் வீட்டில் நாதன் தன் போனில் எடுத்த வீடியோவைப் போட்டான். சாப்பாட்டு மேசையில் கத்தரிக்காய்ப் பொரியல், இடியப்பம், சொதி. அவன் முந்தின நாள்தான் ஆட்டத்தைப் படித்தவன், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உரத்து எண்ணினான்.

"ஒண்டு. ரெண்டு. மூண்டு. நாலு." வீடியோவுக்குள் வசந்தி கத்தினாள். மேசையில் எல்லாரும் சிரித்தார்கள். "அஞ்சு. ஆறு." கொஞ்சம் நிறுத்தினான். "ஏழு. மச்சான், ஆறுதானே எண்டு சொன்னனீங்கள்?"

"திரும்பப் போடு."

திரும்பப் போட்டான். மூன்று தடவை போட்டான். தெளிவாகத் தெரிந்தது. நாலு விரல் மடங்கிய கையை நான் வசந்தியைப் பார்த்து உயர்த்துகிறேன். சும்மா இரு என்று காட்டும்போது கை விரிகிறது. ஐந்து விரலும் விரிகின்றன. திரும்பும்போது அவசரமாக மடக்குகிறேன். மடக்கியது மூன்று.

சொதி ஆறிக்கொண்டிருந்தது.

பலெர்மோவில் இறங்கியதிலிருந்து நான் திட்டாத ஆள் இல்லை. பஸ் சாரதி, மீன்காரன், கோடு போட வராதவன், பெற்றோல் ஊற்ற மறந்த மச்சான். வேலையை ஒழுங்காகச் செய்யத் தெரியாதவர்கள் என்று எல்லாரையும் ஒரே வாயால் சொன்னேன். பஸ் சாரதி இரண்டு கையையும் விட்டுக் கதைத்தபோதும் நாங்கள் போய்ச் சேர்ந்தோம். நான் ஒரு கையை ஒரே ஒரு தரம் விரித்தேன்.

வசந்தி மெல்லக் கேட்டாள். "நான் கத்தினதாலையோ அண்ணை?"

ஓம் என்று சொல்வது சுலபம். வேறு நாளாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"உன்னாலை இல்லை. எண்ணுறது என்ரை வேலை. உன்ரை வேலை இல்லை."

"அந்தப் பெடியன் ஏழு எண்டு வந்து சொன்னவன்தானே?"

"சொன்னவன்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

சொன்னேன். அவள் என் தட்டில் இன்னொரு இடியப்பம் வைத்தாள். அதைவிட ஓர் அறை விட்டிருக்கலாம்.

அங்கேயே உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். கடைசி ட்ரை ஏழாவது பிடியில் வந்தது, பிழை நடுவருடையது, கானா அணித் தலைவர் அப்போதே சரியாகச் சொன்னார், நான் கேட்கவில்லை. நாலு வரி. வீடியோவையும் சேர்த்து, போட்டியை நடத்தியவர்களுக்கு அனுப்பினேன். திங்கள் காலை பல் துலக்கும்போது பதில் வந்தது. நேர்மைக்கு நன்றி. விசில் ஊதிய முடிவு ஊதியதுதான். லாகோஸ் போவது மொரோக்கோ. எனக்கும் அந்த விதி தெரியும். ஆனாலும் வேறு பதில் வரும் என்று ஒரு முட்டாள்தனமான எண்ணம் இருந்தது.

விமானம் பின்னேரம்தான். "சியாகுல்லிக்குக் கூட்டிக்கொண்டு போ," என்றேன் நாதனிடம்.

"அவன் அடிச்சால்?"

"அடிக்கட்டும்."

வசந்தி சிஞ்ஞோரா வீட்டுக்குப் புறப்பட்டு நின்றாள். ஒரு பெட்டியை என் கையில் திணித்தாள். மிச்ச ரோல்ஸ், சூடாக்கி. "வெறுங்கையோடை போகாதையுங்கோ. கத்தாதையுங்கோ."

இந்தத் தடவை பெற்றோல் இருந்தது. சியாகுல்லியில் வீடுகளுக்கு நடுவிலேயே தோட்டங்கள். மதில், மதிலுக்கு மேல் இலை, இலைக்குள் சின்னச் சின்ன மஞ்சள் பழம். மணம் ஸ்கூட்டரில் வரும்போதே மூக்குக்குள் ஏறியது. கோஃபி ஏணியில் நின்று கத்தரிக்கோலால் காம்போடு நறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தான். முழங்காலில் கட்டு.

என்னைக் கண்டதும் இறங்கவில்லை. "ஐயா, கோடு போட வேண்டுமா?"

"நீ எண்ணியது சரி," என்றேன். "ஏழுதான். நான் கையை விரித்துவிட்டேன். அறிக்கையில் எழுதினேன். முடிவை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். உன்னை வெளியே அனுப்புவேன் என்று வெருட்டியதும் பிழை."

வேறு நல்ல வார்த்தை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

அவன் இன்னும் இரண்டு பழம் நறுக்கினான். பிறகு மெதுவாக, ஒரு கால் ஒரு கால் வைத்து இறங்கினான். ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தான்.

"நேற்று அம்மாவோடு கதைத்தேன்," என்றான். "வென்றிருந்தோம், நடுவர் பிடி எண்ணப் பிசகிவிட்டார் என்று சொன்னேன். சிரித்தாள். முன்பு நீ ஆடுவதாக மட்டும்தான் பொய் சொன்னாய், இப்போது நடுவரையும் உண்டாக்கிவிட்டாய் என்றாள்."

நாதன் ரோல்ஸ் பெட்டியைத் திறந்து நீட்டினான். யாரும் எடுக்கவில்லை.

"இப்போது எடு," என்றேன்.

"எதை?"

"போனை. உன் அம்மாவை."

"இப்போது அவள் கடையில் இருப்பாள்."

"எடு."

திரையில் ஒரு பெண் வந்தாள். தலையில் துணி, பின்னால் கூடை கூடையாகக் கருவாடு. சியாகுல்லியின் பழ மணத்துக்கு நடுவில் நின்ற எனக்கு யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கடற்கரை மூக்கில் அடித்தது. கோஃபி தன் மொழியில் ஏதோ சொல்லிப் போனை என்னிடம் தந்தான். "ஆங்கிலம் விளங்கும். மெல்லச் சொல்லுங்கள்."

மெல்லச் சொல்ல எனக்கு வராது. ஆனாலும் முயன்றேன்.

"அம்மா, நான்தான் நடுவர். உங்கள் மகன் கானாவுக்கு ஆடுகிறான். கானா அணிக்குத் தலைவன். நேற்று அவன் வென்றான். நான் ஏழு பிடி விட்டேன், ஆறுதான் விட வேண்டும். அவன் வந்து சொன்னான், நான் கேட்கவில்லை. அவன் லாகோஸ் வராதது என்னால்."

அந்தப் பெண் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். ஒரு கண்ணும் பாதி மூக்கும் தெரிந்தன. என்னை நன்றாகப் பார்த்தாள். எந்த மடையன் நானே குற்றவாளி என்று பொய் சொல்லிக்கொண்டு வருவான் என்று யோசித்திருப்பாள் போல. பிறகு போனைத் தள்ளிப் பிடித்து, தன் மகனின் பெயரை ஒரு தரம் சொன்னாள். சத்தமாக இல்லை.

அதற்குப் பிறகு தொடங்கினாள்.

ஹல்லில் இருபது வருடம் வாங்கிய திட்டெல்லாம் ஒன்றுமில்லை. அந்தப் பெண் தன் மொழியில், ஒரு கருவாட்டைக் கையில் எடுத்து ஆட்டி ஆட்டி, மூச்சு விடாமல் திட்டினாள். பக்கத்துக் கடைப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் விளக்கினாள். அவர்களும் சேர்ந்து திட்டினார்கள். ஆடு விற்கிறவன் போலிருந்த ஒருவன் கானாச் சட்டையோடு வந்து நின்று அவனும் இரண்டு சொல் சொன்னான். நான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றேன். ஆட்டத்தில் ஆட்டக்காரன் திட்டினால் விசிலுக்குக் கை போகும். அன்றைக்குப் போகவில்லை.

கோஃபி குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருந்தான். அழுகிறான் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தான். கையை நீட்டி, பார்க்காமலே, ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தான்.

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டேன்.

"முதல் பாதியைச் சொல்ல முடியாது," என்றான் வாய்க்குள் மென்றுகொண்டு. "ஆறு வரைக்கும் எண்ணத் தெரியாதவனுக்கு யார் விசில் கொடுத்தது என்று கேட்கிறாள்."

"அது சரி. பிறகு?"

கோஃபி போனைப் பார்த்தான். திரையில் அந்தப் பெண் கருவாட்டை இறக்கிவிட்டு, ஒவ்வொரு விரலாக மடக்கி எனக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"என் மகன் அடுத்த தடவை எங்கே ஆடினாலும் சொல், நான் வந்து எண்ணுகிறேன் என்கிறாள்."